முன்வரிசையில் அமரும் பெண்கள்
கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் பட் சமிட்டின் வாழ்வும் பணியும்

விளையாட்டு மைதானம் ஆண்களுக்குரிய இடம் என்ற எண்ணம் நமது சமூகத்தில் மட்டும் நிலவும் ஒன்றல்ல. பெண்கள் விளையாட்டில் இன்று உலகின் முன்னணியில் நிற்கும் ஐக்கிய அமெரிக்காவிலும் ஐம்பது வருடங்களுக்கு முன்னர் நிலைமை ஏறக்குறைய அவ்வாறே இருந்தது. பெண் பிள்ளைகள் அதிகம் ஓடினால் உடலுக்குக் கேடு என்றார்கள். வியர்வை வழிய ஆடுவது பெண்ணுக்கு அழகல்ல என்றார்கள். பல்கலைக்கழகங்களில் பெண்கள் அணி என்று ஒன்று இருந்தாலும் அதற்குப் பணமும் இருக்கவில்லை, பார்வையாளரும் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில், 1974ஆம் ஆண்டில், 22 வயதுப் பெண் ஒருவர் டென்னசிப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்தாட்ட அணிக்குப் பயிற்றுவிப்பாளராகப் பொறுப்பேற்றார். 38 வருடங்கள் அதே அணியுடன் இருந்தார். 2012ஆம் ஆண்டில் அவர் பதவி விலகியபோது அவரது அணி 1,098 ஆட்டங்களில் வென்றிருந்தது. 208இல் மட்டுமே தோற்றிருந்தது. எட்டுத் தடவைகள் தேசிய சம்பியன் பட்டத்தைப் பெற்றிருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத்தின் முதற் பிரிவில், ஆண்கள் அணிகளின் பயிற்றுவிப்பாளர் உட்பட எவரும் அன்று அத்தனை வெற்றிகளைப் பெற்றிருக்கவில்லை. அவர்தான் பட் சமிட்.

நமது நாட்டில் கல்லூரி என்றால் பாடசாலையையே நினைப்போம். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது பல்கலைக்கழக மாணவர்களின் விளையாட்டாகும். 18 வயதில் வந்து சேரும் ஒரு மாணவி நான்கு பருவகாலங்கள் அணியில் ஆடலாம். அதன் பின்னர் அவள் வெளியேறியாக வேண்டும். எனவே அங்குள்ள பயிற்றுவிப்பாளர் ஒருவர் வளர்ந்து முடிந்த வீராங்கனையைப் பெறுவதில்லை. வீட்டை விட்டு முதன்முதலாகப் பிரிந்து வந்த இளம் பெண்ணைத்தான் பெறுகிறார். அவளை அவர் என்னவாக ஆக்கி அனுப்புகிறார் என்பதே கேள்வி.

சமூகவியல் படித்தவள் என்ற வகையிலும், கிராமங்களில் இளம் பெண்களுடன் பணியாற்றுபவள் என்ற வகையிலும் என்னை ஈர்த்தது சமிட்டின் வெற்றிக் கணக்கு அல்ல. வேறொரு கணக்கு. டென்னசி அணியில் தமக்குரிய ஆட்டக் காலத்தை முழுமையாக நிறைவு செய்த அவரது வீராங்கனைகள் அனைவரும் பட்டம் பெற்றார்கள். ஒருவர்கூடத் தவறவில்லை. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை நமது வாசக சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வைக்கோற் பரணில் ஓர் ஆடுகளம்

பட்ரிசியா சூ ஹெட் என்ற இயற்பெயருடைய சமிட், 1952ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் திகதி டென்னசியின் கிளாக்ஸ்வில் நகரில் பிறந்தார். பெற்றோர் கமக்காரர். பசுக்களும் புகையிலைத் தோட்டமும் இருந்தன. மூன்று அண்ணன்மார், ஒரு தங்கை. பால் கறப்பதிலிருந்து வைக்கோல் கட்டுவது வரை ஆண் பிள்ளைகள் செய்த வேலை அனைத்தையும் அவரும் செய்தார். அந்த வீட்டில் பெண் பிள்ளை என்பதற்காக வேலையில் சலுகை இருக்கவில்லை. அன்றாட வேலைகள் முடிந்த பின்னர், வைக்கோல் சேமிக்கும் பரணில் கூடை ஒன்றைக் கட்டி அண்ணன்மாருடன் பந்து விளையாடினார்.

தந்தை ரிச்சர்ட் மிகக் கண்டிப்பானவர். வாய்விட்டுப் பாராட்டத் தெரியாதவர். தனக்கு 43 வயதாகும் வரை தந்தை தன்னை அணைத்ததில்லை என்று சமிட் பின்னாளில் கூறியிருக்கிறார். ஆனால் அதே தந்தை, கிளாக்ஸ்வில் பாடசாலையில் பெண்கள் அணி இல்லை என்று அறிந்ததும், மகள் விளையாட வேண்டும் என்பதற்காகவே குடும்பத்துடன் அயல் மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தார். அன்பைச் சொல்லத் தெரியாத, ஆனால் செயலில் காட்டிய தகப்பன்மார் நமது ஊர்களிலும் உண்டல்லவா?

அண்ணன்மார் விளையாட்டுக்கான புலமைப்பரிசில் பெற்றே பல்கலைக்கழகம் சென்றனர். பட் படிக்கச் சென்றபோது பெண்களுக்கு அத்தகைய புலமைப்பரிசில் கிடையாது. அவரது படிப்புச் செலவைப் பெற்றோரே சுமந்தனர். ஒரே வீடு, ஒரே திறமை. ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு இன்னொரு நியாயம்.

1972ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கல்விச் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. ‘ஒன்பதாம் பிரிவு’ என்று அழைக்கப்படும் அச்சட்டம், மத்திய அரசின் நிதியைப் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என விதித்தது. சட்டம் விளையாட்டுக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. ஆயினும் பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளுக்கும் இடமும் பணமும் ஒதுக்க வேண்டிய நிலை மெல்ல மெல்ல உருவானது. சமிட்டின் தொழில் வாழ்க்கையும் இச்சட்டமும் ஏறத்தாழ ஒன்றாகவே வளர்ந்தன எனலாம்.

மாதம் 250 டொலர்

1974இல் அவர் டென்னசிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது உதவியாளராக, முதுமாணிப் படிப்புக்காக. தலைமைப் பயிற்றுவிப்பாளர் விலகிக்கொண்டதால் அந்தப் பொறுப்பு எதிர்பாராமல் அவரிடம் வந்தது. சம்பளம் மாதம் 250 டொலர். வீராங்கனைகள் சிலர் அவரைவிட ஓரிரு வயதே இளையவர்கள். அணியின் சீருடைகள் இனிப்புப் பண்டம் விற்றுச் சேர்த்த பணத்தில் வாங்கப்பட்டவை. அவற்றைத் துவைப்பதும் அவரே, ஆட்டங்களுக்கு அணியை ஏற்றிச் செல்லும் வானை ஓட்டுவதும் அவரே. முதலாவது ஆட்டத்தில் ஒரு புள்ளியால் தோற்றார்கள்.

அதே காலத்தில் அவர் படித்தார், கற்பித்தார், காயமடைந்த தனது முழங்காலையும் பயிற்சியால் தேற்றினார். 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்தாட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதில் அமெரிக்க அணியின் இணைத் தலைவியாக ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். எட்டு வருடங்களின் பின்னர், 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கப் பெண்கள் அணியின் பயிற்றுவிப்பாளர் அவரே.

2006ஆம் ஆண்டில் அவரது வருடச் சம்பளம் பத்து இலட்சம் டொலரைத் தாண்டியது. பெண்கள் கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் ஒருவர் அத்தொகையைப் பெற்றது அதுவே முதற் தடவை. இடையில் ஆண்கள் அணிக்குப் பயிற்றுவிக்க வருமாறும் அவருக்கு அழைப்பு வந்தது. அதை ஏன் ஒரு பதவி உயர்வாகக் கருத வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். பெண்களுடன் வேலை செய்வதை ஒரு படி குறைவானதாக எண்ணும் மனப்பாங்குக்கு அவர் கொடுத்த பதில் அது.

பாதி மைதானம்

நமது பாடசாலைகளில் பெண் பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்திலிருந்து பிறந்ததே. 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்கு ஏற்ப மாற்றினார். ஆடுகளத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒருவர் தமது பகுதியை விட்டு வெளியே போகக் கூடாது என்று விதி வைத்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தில் இவ்விளையாட்டு வலைப்பந்தாட்டமாக உருமாறியது. வலைப்பந்தில் ஒவ்வொரு வீராங்கனைக்கும் எல்லை குறித்திருப்பதை நாம் அறிவோம்.

டென்னசிப் பாடசாலைகளில் பெண்களுக்கு மட்டும் அணிக்கு அறுவர் ஆடும் முறை 1979 வரை நீடித்தது. மூவர் ஒரு பாதியில் நின்று தாக்குவார்கள், மூவர் மறு பாதியில் நின்று தடுப்பார்கள். எவரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பெண்ணால் முழு மைதானத்தையும் ஓட முடியாது என்பதே இதன் அடிப்படை எண்ணம். இதனால் ஏற்பட்ட நட்டம் சிறியதல்ல. தடுப்பு ஆட்டம் மட்டுமே தெரிந்த பெண்ணுக்குக் கூடையில் பந்து போடத் தெரியாது. அப்படிப்பட்டவளை எந்தப் பல்கலைக்கழகம் எடுக்கும்? படிப்புக்கான புலமைப்பரிசில் வாய்ப்பு அந்த நடுக்கோட்டிலேயே நின்றுவிட்டது.

சமிட் இதை வெளிப்படையாக எதிர்த்தார். விதி மாறாவிட்டால் தனது சொந்த மாநிலத்திலிருந்து வீராங்கனைகளைச் சேர்க்கப் போவதில்லை என்று கூறினார். நீதிமன்றம் வரை சென்ற பிரச்சினை அது. ஈற்றில் விதி மாறியது. பெண் பிள்ளைகள் முழு மைதானத்திலும் ஓடினார்கள். யாருக்கும் ஒன்றும் நேர்ந்துவிடவில்லை.

முதல் மூன்று வரிசை

சமிட்டின் அணியில் சேரும் ஒவ்வொரு மாணவிக்கும் விரிவுரை மண்டபத்தில் ஒரு விதி இருந்தது: முதல் மூன்று வரிசைகளுக்குள் அமர வேண்டும். தகுந்த காரணமின்றி ஒரு விரிவுரைக்கேனும் சமுகமளிக்காமல் இருக்க முடியாது.

பார்வைக்கு இது சிறிய விதி. ஆனால் இதன் பின்னாலுள்ள சிந்தனை ஆழமானது. நன்றாக விளையாடும் பிள்ளை படிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று விடுவது பல இடங்களில் நடக்கும் ஒன்று. பாடசாலைக்குக் கிண்ணம் கிடைத்தால் போதும். அந்தப் பிள்ளைக்கு நான்கு வருடங்களின் பின்னர் கையில் ஒன்றும் இருக்காது. சமிட்டின் காலத்தில் பெண்களுக்குத் தொழில்முறை விளையாட்டு வாய்ப்பு நெடுங்காலமாகவே மிகக் குறைவு. அமெரிக்காவின் இன்றைய தொழில்முறைப் பெண்கள் கூடைப்பந்தாட்டச் சங்கம் 1997இல்தான் ஆட்டங்களைத் தொடங்கியது. எனவே பந்து வாழ்நாள் முழுவதும் சோறு போடாது என்பது அவருக்கு நன்கு தெரியும்.

முன்வரிசையில் இருப்பவளை விரிவுரையாளர் காண்கிறார். அவள் தூங்க முடியாது, ஒளிய முடியாது. கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கூச்சமுள்ள பெண்ணொருத்தி நான்கு வருடங்கள் முன்வரிசையில் இருந்தால் கூச்சம் போய்விடும். நமது கிராமங்களில் கூட்டம் வைத்தால் பெண்கள் எங்கே அமர்கிறார்கள் என்று பாருங்கள். கதவோரத்தில், சுவரோடு, பின்வரிசையில். முன்னே வாருங்கள் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் அழைக்க வேண்டியிருக்கிறது. இடமும் கதிரையும் இருந்தும் முன்னே வராததை இயல்பான வெட்கம் என்கிறோம். அது பழக்கப்படுத்தப்பட்ட வெட்கம். பழக்கத்தால் வந்தது பழக்கத்தாலேயே போகும் என்பதை சமிட் தமது வீராங்கனைகளிடம் செய்து காட்டினார்.

பதில் சொல்லும் பழக்கம்

அவருடைய பயிற்சியில் இன்னொரு முறையும் இருந்தது. பயிற்றுவிப்பாளர் ஒரு தவறைச் சுட்டிக்காட்டினால் வீராங்கனை “ரீபவுண்ட்” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பாய்ந்து பிடிப்பதைத்தான் ஆட்டத்தில் ரீபவுண்ட் என்பார்கள். கண்டனத்தைக் கேட்டேன், அதைப் பிடித்துக்கொண்டேன் என்பது பொருள். பாராட்டினால் “இரண்டு புள்ளி” என்று சொல்ல வேண்டும். பாராட்டையும் காதில் வாங்கினேன் என்பது பொருள்.

குறை சொன்னால் முகம் சுருங்கி அழுவது அல்லது மனதுக்குள் பகை வளர்ப்பது, பாராட்டினால் “இல்லை, நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை” என்று ஒதுங்குவது — இவ்விரண்டும் பெண் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுத்தவை. இரண்டையும் ஒரே சொல்லால் அவர் மாற்ற முயன்றார். அவரோடு பேசும்போது கண்ணைப் பார்த்தே பேச வேண்டும் என்பதும் கட்டாயம். அவரது கூரிய பார்வைக்கு எதிரணிகளும் நடுவர்களும்கூட அஞ்சினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

ஆட்டத்தில் அவர் முதலிடம் கொடுத்தது தடுப்புக்கும் ரீபவுண்டுக்கும். பந்தைக் கூடையில் எறிவது அழகான வேலை, பார்வையாளர் கைதட்டும் வேலை. தடுப்பதும் பாய்ந்து பிடிப்பதும் அழகற்ற, களைப்பூட்டும் வேலைகள். ஆனால் அவற்றுக்குப் பிறவித் திறமையைவிட மனமும் உழைப்புமே அதிகம் தேவை. எனவே அணியிலுள்ள எவரும் அவற்றில் வளர முடியும். பயிற்சியின்போது ஆண் மாணவர்களைக் கொண்டுவந்து எதிரணியாக நிறுத்துவார். தம்மைவிட வேகமும் பலமும் உள்ளவர்களுடன் நாள்தோறும் மோதிய பெண்களுக்கு, போட்டியில் எந்த அணியும் பெரிதாகத் தெரியவில்லை.

இன்னொரு வழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு வீராங்கனைக்கும் அவளது நான்கு வருட காலத்துக்குள் சொந்த ஊருக்கு அருகே ஓர் ஆட்டம் அமையுமாறு போட்டிகளை ஒழுங்கு செய்ய முயல்வார். தூர தேசம் போல் கிடக்கும் அந்நாட்டில், வசதியற்ற பெற்றோரும் பாட்டன் பாட்டியும் ஒரு தடவையேனும் மகளின் ஆட்டத்தை நேரில் காண அது வழி செய்தது.

இரண்டு வீராங்கனைகள்

தமிக்கா கெச்சிங்ஸ் பிறவியிலேயே செவிப்புலன் குறைபாடு உடையவர். சிறுவயதில் பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்ததால், வீடு திரும்பும் வழியில் கேட்கும் கருவியைப் புற்றரையில் வீசி எறிந்துவிட்டார். பெற்றோர் வேறொன்று வாங்கிக் கொடுக்கவில்லை. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டே பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டார். அவர் பேச்சு தெளிவற்று இருந்ததால் எவருடனும் அதிகம் பேச மாட்டார்.

அணிக்கு வேண்டியதெல்லாம் அவரது ஆட்டம்தான் என்றால் அப்படியே விட்டிருக்கலாம். சமிட் விடவில்லை. அவரை அழைத்துப் பேசினார். மீண்டும் கருவியை அணியவும் பேச்சுப் பயிற்சி பெறவும் இணங்கச் செய்தார். நாளைக்கு உன்னைப் பார்த்து வேறு பிள்ளைகள் தைரியம் கொள்ளும் இடத்தில் நீ இருப்பாய் என்பதே அவர் எடுத்துச் சொன்ன நியாயம். கெச்சிங்ஸ் 1998இல் தேசிய சம்பியன் பட்டம் வென்ற, அந்தப் பருவகாலத்தின் 39 ஆட்டங்களிலும் தோல்வியே காணாத அணியில் ஆடினார். பின்னர் 2004 முதல் 2016 வரை நான்கு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களைப் பெற்றார். இளையோருக்கென ஒரு நற்பணி நிறுவனத்தையும் தொடங்கினார். தனது குறைபாட்டைப் பற்றி மேடைகளில் பேசுகிறார்.

மற்றவர் ஷமீக் ஹோல்ட்ஸ்க்ளோ. நியூயோர்க் நகரின் அரசாங்கத் தொடர்மாடி வீடொன்றில் பாட்டியின் வளர்ப்பில் இருந்தவர். பல பல்கலைக்கழகங்கள் அவரைக் கேட்டன. கண்டிப்பும் ஒழுங்கும் உள்ள இடம் வேண்டும் என்ற பாட்டியின் விருப்பம் டென்னசிப் பக்கம் சாய்ந்தது. 1996, 1997, 1998 ஆகிய மூன்று வருடங்களிலும் தொடர்ந்து சம்பியன் பட்டம் பெற்ற அணியின் முதன்மை வீராங்கனை அவர். ஆனால் 2002இல் பாட்டி காலமான பின்னர் அவர் கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். நீண்ட சிகிச்சையின் பின்னர் அதிலிருந்து மீண்டு, உளநலம் பற்றி வெளிப்படையாகப் பேசுபவராக மாறினார்.

ஹோல்ட்ஸ்க்ளோவின் கதையை நான் வேண்டுமென்றே இங்கு சேர்க்கிறேன். ஒழுக்கமும் பயிற்சியும் ஒரு பெண்ணுக்கு எல்லாவற்றிலிருந்தும் காப்பு அளித்துவிடும் என்று நினைப்பது தவறு. வெளியே மிகப் பலமாகத் தெரியும் பெண்ணுக்கும் உள்ளே காயம் இருக்கலாம். “அவள் சமாளித்துக்கொள்வாள்” என்று நாம் விட்டுவிடும் பெண்களே பெரும்பாலும் உதவி கேட்காமல் இருப்பவர்கள்.

கண்டிப்பின் எல்லை எது?

சமிட்டைப் பற்றி எழுதும்போது அவரது கடுமையை மறைக்க முடியாது. தொழிலின் ஆரம்ப வருடங்களில், தமது வீராங்கனைகள் இரவு விருந்துக்குச் சென்றதை அறிந்து, மறுநாள் பயிற்சிக் கூடத்தின் நான்கு மூலைகளிலும் குப்பைத் தொட்டிகளை வைத்து, வாந்தி எடுக்கும் வரை அவர்களை ஓடவிட்டார். நன்றாக ஆடாத அணியை வசதியான உடைமாற்றும் அறைக்குள் விடாமல் பூட்டியதும் உண்டு.

இவற்றையும் திறமையான பயிற்றுவித்தலின் பகுதி என்று சிலர் புகழ்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடலை வருத்தித் தண்டிப்பதை நமது பாடசாலைகளில் போதுமான அளவு கண்டுவிட்டோம். அதற்கு அமெரிக்காவிலிருந்து சான்று தேட வேண்டியதில்லை. சமிட்டே தமது வழிமுறைகள் காலத்தோடு மாறியதையும், மகன் பிறந்த பின்னர் தாம் மென்மையானதையும் சொல்லியிருக்கிறார். 1996–97 பருவகாலத்தில் அவரது அணி பத்து ஆட்டங்களில் தோற்றது. அவருக்கு அது வழக்கமில்லாத எண்ணிக்கை. அந்த வருடம் இளம் அணியைப் பொறுமையாகக் கட்டியெழுப்பினார். பத்துத் தோல்விகளுடன் அந்த அணியே தேசிய சம்பியனாகியது.

அப்படியானால் அவரது பெண்கள் ஏன் அவரை விட்டுப் போகவில்லை? ஏன் பலர் முதுமை வரை அவரைத் தாய் போல் நினைத்தார்கள்? பயம் மட்டும் ஒருவரை நான்கு வருடங்கள் கட்டிவைக்காது. தம்மிடம் அவர் கேட்பதை அவர் தமக்கும் விதித்துக்கொண்டிருப்பதை அவர்கள் கண்டார்கள். அவர்களது படிப்பு, குடும்பம், செவிப்புலன், எதிர்காலம் எல்லாவற்றையும் அவர் தமது பொறுப்பாக எடுத்திருப்பதைக் கண்டார்கள். கேட்பதற்கு உரிமை, பொறுப்பை ஏற்பவருக்கே உண்டு. பொறுப்பை ஏற்காமல் கண்டிக்க மட்டும் வருபவரிடம் பிள்ளைகள் அடங்குவார்கள், ஆனால் வளர மாட்டார்கள்.

தாய்மையும் தொழிலும்

1990ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் சமிட் நிறைமாதக் கர்ப்பிணி. அந்நிலையிலும் மிஷெல் மார்சினியாக் என்ற வீராங்கனையை அணிக்கு அழைக்க, பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள அவரது வீட்டுக்கு விமானத்தில் சென்றார். அங்கே பேசிக்கொண்டிருக்கையில் பிரசவ வலி தொடங்கிவிட்டது. திரும்பும் வழியில் வேர்ஜீனியாவில் இறங்கலாம் என்று விமானிகள் கேட்டபோது மறுத்துவிட்டார். அந்த வருடம் தமது அணியைப் போட்டியிலிருந்து வெளியேற்றியது வேர்ஜீனியா! மகன் டைலர் டென்னசியிலேயே பிறந்தான்.

இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வார்கள். மருத்துவ ரீதியில் பின்பற்றத்தக்கதல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. மார்சினியாக் முதலில் வேறு பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்தார் என்பதும், பின்னர் டென்னசிக்கு மாறிவந்து 1996 சம்பியன் அணியில் முக்கிய பங்கு வகித்தார் என்பதும் கதையின் மிகுதி. குழந்தை டைலர் அணியுடனேயே பயணம் செய்து வளர்ந்தான். குழந்தையைக் கையில் ஏந்தியபடி வேலை செய்யும் பெண்ணை அந்த இளம் வீராங்கனைகள் ஒவ்வொரு நாளும் கண்டார்கள். எந்த விரிவுரையும் தர முடியாத பாடம் அது.

மறதி வந்தபோது

2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், 59 வயதில், தமக்கு இளவயதில் ஏற்படும் அல்சைமர் வகை ஞாபகமறதி நோய் இருப்பதாக அவர் பகிரங்கமாக அறிவித்தார். தம்மீது எவரும் பரிதாபப்பட வேண்டாம் என்றும் கூறினார். அடுத்த பருவகாலத்திலும் அணியுடன் இருந்தார். பொறுப்புகளைத் துணைப் பயிற்றுவிப்பாளர்கள் பகிர்ந்துகொண்டார்கள். 2012 ஏப்ரலில் விலகியபோது அவரது இடத்துக்கு வந்தவர் ஹொலி வோர்லிக். 1970களின் இறுதியில் அவரிடம் ஆடியவர், பின்னர் நீண்ட காலம் அவரது துணைப் பயிற்றுவிப்பாளர். அதே ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் சமிட்டுக்கு வழங்கப்பட்டது.

அவர் தொடங்கிய அல்சைமர் நோய்க்கான நிதியத்துக்கு ஆரம்பத்திலேயே 10,000 டொலர் கொடுத்தவர், அவரது கடும் போட்டியாளரான கனெக்டிகட் அணியின் பயிற்றுவிப்பாளர் ஜீனோ ஓரியெம்மா. 2016ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் திகதி சமிட் தமது 64ஆவது வயதில் காலமானார். அவரது வெற்றிச் சாதனையை 2020இல் டாரா வான்டர்வீர் என்ற இன்னொரு பெண் பயிற்றுவிப்பாளர் கடந்தார்.

நமது குடும்பங்களில் இந்நோயை “வயது போனால் வருவது” என்று ஒதுக்கி, வெளியே சொல்ல வெட்கப்பட்டு, நோயாளியை அறைக்குள் வைத்திருப்பதை நான் வீட்டுத் தரிசிப்புகளில் கண்டிருக்கிறேன். பராமரிப்பவர் பெரும்பாலும் மகளோ மருமகளோ. அவளுக்கு உதவி கேட்கக்கூட வழி தெரியாது. ஆயிரம் வெற்றி கண்ட ஒரு பெண் தனது நோயைப் பெயர் சொல்லி அறிவித்தது அந்த வீடுகளுக்கும் உரிய செய்திதான்.

நாம் கேட்க வேண்டியவை

நம்மிடம் திறமை இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்கு ஆடி ஆசியக் கிண்ணம் வென்று கொடுத்தவர்களுள் ஒருவரான தர்ஜினி சிவலிங்கத்தை அறியாதவர் இல்லை. ஆனால் ஒரு தர்ஜினிக்குப் பின்னால், சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் சப்பாத்தைக் கழற்றி வைத்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? “பெரிய பிள்ளையாகிவிட்டாள், இனி என்ன விளையாட்டு?” என்று தாய்மார் என்னிடம் கேட்பதுண்டு. படிப்பா விளையாட்டா என்று ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்கிறோம். சமிட்டின் பெண்கள் இரண்டையும் செய்தார்கள், ஏனெனில் இரண்டையும் செய்யுமாறு ஒருவர் அவர்களிடம் கேட்டார், செய்து முடிக்கும் வரை கூடவே நின்றார்.

உங்கள் ஊர்ப் பாடசாலையில் பெண்கள் அணி ஒன்று இருந்தால் அதன் பொறுப்பாசிரியரிடம் சில விடயங்களைக் கேட்டுப் பாருங்கள். பயிற்சி எத்தனை மணிக்கு முடிகிறது, பிள்ளைகள் இருட்டுமுன் வீடு செல்ல வழி உண்டா? பயிற்சியால் தவறும் பாடங்களை யார் ஈடுசெய்கிறார்? மாதவிடாய் நாட்களில் பிள்ளை யாரிடம் தயக்கமின்றிச் சொல்ல முடியும்? காயம் பட்டால் மருந்துச் செலவு யாருடையது? கடந்த ஐந்து வருடங்களில் அணியில் ஆடிய பிள்ளைகள் இன்று எங்கே, என்ன செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆசிரியர் நல்ல பயிற்றுவிப்பாளர். அவரைத் தேடிப் பிடித்து நமது பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கலாம்.

தாய்மாருக்கும் ஒரு வேண்டுகோள். மகளின் அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டு, ஒரு நாள் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். கோட்டுக்கு வெளியே முன்வரிசையில் நில்லுங்கள்.